‘எ பிட்’ என்றால் எவ்வளவு? வார்டில் நான் கற்ற ஆங்கிலம்

வட இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனையின் முதியோர் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். நாகர்கோவில் பக்கம் பிறந்து, அங்கேயே நர்சிங் படித்து, ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதி இங்கே வந்தவள். அந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வாங்கினால்தான் இங்குள்ள செவிலியர் கவுன்சில் நம்மைப் பதிவுசெய்யும். அவ்வளவு வாங்கியவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எண்பது வயதுக்காரர் ஒருவர் விடியற்காலை நாலு மணிக்குக் கட்டிலில் இருந்து பேசும் ஆங்கிலம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைப்பதில்லை. அவர் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் புரியும். அதை எவ்வளவு அழுத்திச் சொல்கிறார், எவ்வளவு அமுக்கிச் சொல்கிறார் என்பதுதான் பிடிபடாது.

எங்கள் வேலையே அளப்பதுதான். வலி எவ்வளவு, மூச்சு எவ்வளவு, குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு. நோயாளி பேச்சிலும் இந்த ‘எவ்வளவு’ இருக்கிறது. அதைத் தப்பாக எடை போட்டால் ஒருவருக்குத் தேவையில்லாமல் ஓடுவோம், ஓட வேண்டிய இன்னொருவரை உட்காரவைத்துவிடுவோம். அடுத்து வரப்போகும் பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெருக்கிச் சொல்லும் சொற்றொடர்களை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் நமக்கு இது எளிது. “ஐ குட் மர்டர் எ கப் ஆஃப் டீ” என்று ஒரு பாட்டி சொன்னால் கொலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒரு டீ கிடைத்தால் போதும் என்று தவிக்கிறார். “மை ஃபீட் ஆர் கில்லிங் மீ” என்றால் கால் கடுக்கிறது. “ஸ்டார்விங்” என்றால் நல்ல பசி. “ஃப்ரீஸிங்” என்றால் ஒரு போர்வை வேண்டும். “சிக் டு டெத் ஆஃப் திஸ் ஃபுட்” என்பவருக்கு வாந்தியும் இல்லை, மரண பயமும் இல்லை. இந்தச் சாப்பாடு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். நம் ஊரிலும் பசிக்கு உயிர் போகும், தலைவலிக்குத் தலை வெடிக்கும், வெயிலுக்கு நாம் செத்தே போவோம். ஆகையால் இந்த வகையைக் கேட்டு யாரும் மிரள வேண்டியதில்லை.

ஆனால் பெருக்கிச் சொல்வதிலும் சிலவற்றை வார்டில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. “ஐம் பர்ஸ்டிங்” என்றால் சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது. கேட்டதும் சக்கரம் வைத்த கமோட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். ரெண்டு நிமிஷம் தாமதித்தால் அவரே எழுந்து நடக்கப் பார்ப்பார், இடுப்பு எலும்பு முறிவது இப்படித்தான். “கான்ட் கீப் எனிதிங் டவுன்” என்பதும் வெறும் அழுத்தம் என்று விடக்கூடாது. உள்ளே போவதெல்லாம் வெளியே வருகிறது என்பது அதன் பொருள், மாத்திரையும் அதில் சேர்த்தி. காலையில் விழுங்கிய இதய மாத்திரை உடம்பில் நின்றதா என்று உடனே கேட்க வேண்டும். “ஹேவன்ட் ஸ்லெப்ட் எ விங்க்”, பொட்டுத் தூக்கமில்லை, என்பதை மட்டும் இரவுப் பணிக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் கொஞ்சம் தூங்கியிருப்பார்கள். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். தூக்கம் கெட்டது உண்மை, எதனால் கெட்டது என்று கேட்டால் போதும்.

“ஐ கான்ட் ஃபார் தி லைஃப் ஆஃப் மீ ரிமெம்பர்” என்று ஒன்று உண்டு. என்ன யோசித்தாலும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது என்று பொருள். ஐம்பது வயதுக்காரர் சினிமா நடிகர் பெயரை மறந்துவிட்டு இதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். எண்பத்தைந்து வயதில், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர், தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதற்கு இதைச் சொன்னால் நின்று கவனிக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய குழப்பம் முதியவர்களுக்குத் தொற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

“லிட்டரலி” என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகராதிப்படி அதற்கு ‘சொன்னபடியே, மிகையில்லாமல்’ என்று பொருள். பேச்சில் வெறும் அழுத்தத்துக்காகவும் வரும், மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்தப் பயன்பாட்டை 1909-லேயே பதிவுசெய்துவிட்டது. ஆகவே “லிட்டரலி மூணு நாளா சாப்பிடலை” என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால் அது மூன்று நாளாகவும் இருக்கலாம், ஒரு நாளாகவும் இருக்கலாம். “கடைசியா என்ன சாப்பிட்டீங்க, எப்போ?” என்று கேட்டு எழுதுங்கள்.

இனி உண்மையிலேயே கஷ்டமான பக்கம். இங்குள்ளவர்கள், குறிப்பாக வயதானவர்கள், பெரிய விஷயத்தைச் சின்னச் சொல்லால் அமுக்கிவிடுவார்கள். நிலைமை மோசமாக ஆக, சொல் சிறுத்துக்கொண்டே போகும். “எ பிட்”, “எ டச் ஆஃப்”, “நாட் டூ பேட்”, “நாட் குவைட் ரைட்”, “எ பிட் அண்டர் தி வெதர்”. நம் காதுக்கு இவையெல்லாம் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்றுதான் விழும். அப்படி விழுவதுதான் ஆபத்து.

1982 ஜூன் 24 இரவு, ஜாவா தீவுக்குத் தெற்கே பறந்துகொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. கேப்டன் எரிக் மூடி பயணிகளுக்கு அறிவித்தபோது பயன்படுத்திய சொல் ‘எ ஸ்மால் ப்ராப்ளம்’. ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு எஞ்சினும் நின்றுவிட்டது என்றார். அதே அறிவிப்பில் அடுத்ததாக ‘டூயிங் அவர் டாம்டெஸ்ட்’ என்றும் சொன்னார். உயிரைக் கொடுத்து முயன்றுகொண்டிருக்கிறோம் என்பதுபோன்ற அழுத்தமான தொடர் அது, கொஞ்சம் கரடுமுரடானதும்கூட. எஞ்சின்கள் மறுபடி இயங்கி, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. எனக்கு இந்த அறிவிப்பு ஒரு பாடப்புத்தகம் மாதிரி. ஆபத்தைச் சுருக்கிச் சொல்கிறார், முயற்சியைப் பெருக்கிச் சொல்கிறார். என் நோயாளிகளும் அப்படியே. தன் வலியை ‘எ பிட்’ என்பவர், டீ கொண்டுபோய்க் கொடுத்த என்னை ‘அப்ஸல்யூட் ஏஞ்சல்’ என்பார். துன்பத்துக்குச் சின்னச் சொல், நன்றிக்குப் பெரிய சொல்.

இந்தச் சிறுத்த சொல் போர்க்களத்திலேயே ஒரு படையைச் சிக்கவைத்ததாகச் சொல்வார்கள். 1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. பிரிகேடியர் டாம் பிரோடி, நிலைமை ‘எ பிட் ஸ்டிக்கி’ என்று அமெரிக்க ஜெனரலிடம் தெரிவித்தாராம். பிரிட்டிஷ்காரர் காதில் அது ‘தாங்க முடியாத நிலை’. அமெரிக்கர் காதில் ‘கொஞ்சம் சிரமம், ஆனால் சமாளிக்கிறார்கள்’. பின்வாங்கும் உத்தரவு நேரத்தில் வரவில்லை. அந்தப் பிரிவில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ஆங்கிலமே தாய்மொழியான இருவருக்கு நடுவில் நடந்தது இது. நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

வார்டில் அது எப்படி வரும் என்று சொல்கிறேன். ஓர் இரவு, நெஞ்சுச் சளிக்காகச் சேர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்றேன். “எ பிட் ஷார்ட் ஆஃப் பஃப், லவ். நத்திங் டு ரைட் ஹோம் அபௌட்” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வீட்டுக்குக் கடிதம் போட்டுச் சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்க்கச் சொல்லிக் கையையும் காட்டினார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, நடுவில் நிறுத்தினார். எண்ணினேன், நிமிடத்துக்கு 26 மூச்சு. ஆக்சிஜன் 91. நாடித்துடிப்பு 112.

இங்கே ‘நியூஸ் 2’ என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்டது. மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, உணர்வு நிலை, காய்ச்சல் ஆறையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவோம். செயற்கை ஆக்சிஜன் கொடுத்தால் அதற்குத் தனியாக 2. மொத்தம் 5 வந்தால் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரக் குழுவே வர வேண்டும். இவருக்கு மூச்சுக்கு 3, ஆக்சிஜனுக்கு 3, நாடிக்கு 2. எட்டு! வாயோ ஒன்றுமில்லை என்கிறது. குழுவைக் கூப்பிட்டேன், வந்தார்கள், பார்த்தார்கள். மறுநாள் காலையில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்துகொண்டு, “ஐ வாஸ் எ பிட் ரஃப் லாஸ்ட் நைட், வாஸன்ட் ஐ” என்றார். அப்போதும் ‘எ பிட்’தான்.

இதைக் கேட்டு ஆங்கிலேயர் விசித்திரமானவர்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஆச்சி நிஜமாகவே எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்களில், “மேலுக்குக் கொஞ்சம் சொகமில்ல மக்ளே, நீ ஒன் சோலியப் பாரு” என்றுதான் சொல்வாள். பிறருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்கிற அதே மனசு. இங்கே “ஐ டோன்ட் வாண்ட் டு பி எ பாதர்”, உங்களுக்குத் தொந்தரவாக இருக்க விரும்பவில்லை, என்று ஒரு நோயாளி சொல்லத் தொடங்கினால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அடுத்து வருவது பெரும்பாலும் முக்கியமான விஷயம்.

அப்படி உட்கார்ந்து நான் கேட்கிற கேள்விகள் எளிமையானவை. “வலிக்குதா?” என்று கேட்டால் “நாட் ரியலி” என்ற பதில்தான் வரும். “ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிஞ்சுதா?” “வீட்டில் இருந்தால் இந்நேரம் மாடிப்படி ஏறியிருப்பீங்களா?” “நேத்தைக்கு இன்னைக்கு எப்படி?” என்று கேளுங்கள். செய்ய முடிகிறதா முடியவில்லையா என்பதைச் சிறிதாக்கிச் சொல்ல முடியாது. 0 முதல் 10 வரை எண் கேட்பது நல்ல வழிதான், ஆனால் சில முதியவர்கள் எண்ணையும் குறைத்தே சொல்வார்கள். ‘இல்லை, லேசாக, நடுத்தரமாக, கடுமையாக’ என்று நான்கு சொல் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவர்களுக்கு வசதியாக இருக்கிறது. “எனி பெயின் அட் ஆல்?” என்பது ஒரு நல்ல கேள்வி. அந்த ‘அட் ஆல்’ நம் ‘துளிகூட’ மாதிரி. துளி வலி இருந்தாலும் சொல்லலாம் என்ற அனுமதி அதில் இருக்கிறது.

மருத்துவர்களின் பேச்சிலும் இதே குணம். ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் ஒருவர் “ஐம் நாட் என்டயர்லி ஹாப்பி வித் ஹிஸ் ப்ரீதிங்” என்றால், அவருடைய மனநிலையைப் பற்றிச் சொல்லவில்லை, கவலையாக இருக்கிறது என்கிறார். “யூ மைட் வாண்ட் டு ரிப்பீட் தி பிளட்ஸ்” என்றால் உங்கள் விருப்பத்தைக் கேட்கவில்லை, மறுபடி ரத்தம் எடுத்து அனுப்புங்கள் என்கிறார். “ஐட் பி ஹாப்பியர் இஃப்” என்று தொடங்கும் எதுவும் உத்தரவு. நம் ஊரில் டாக்டர் ‘செய்’ என்றால் செய்வோம். இங்கே அந்தச் ‘செய்’ மரியாதைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் நேரே கேட்டுவிடுகிறேன், “இப்பவே செய்யணுமா, காலையில் போதுமா?” ஒருவரும் கோபித்ததில்லை.

எழுத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது, இதை நான் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் காட்டுவேன். கடுமையாகத் தடை சொல்லும்போது ஆங்கிலம் மறுப்பைத் தூக்கி வாக்கியத்தின் முன்னால் வைத்துவிடும். “ஆன் நோ அக்கவுண்ட் ஷுட் ஹீ பி கிவன் ஃப்ளூயிட்ஸ்.” எக்காரணம் கொண்டும் குடிக்கக் கொடுக்கக்கூடாது. “அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்ஸஸ் இஸ் ஷீ டு கெட் அப் அலோன்.” எந்த நிலையிலும் அவர் தனியாக எழுந்திருக்கக்கூடாது. தமிழில் மறுப்பு கடைசியில் வரும், ‘கூடாது’ என்று கேட்கும்வரை நாம் காத்திருப்போம். அந்தப் பழக்கத்தில், களைத்துப்போன கண் மேலே இருக்கும் சின்ன ‘நோ’வைத் தாண்டி ‘கிவன் ஃப்ளூயிட்ஸ்’ என்ற கடைசியில் போய் நிற்கும். விழுங்க முடியாத நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். இந்த இரண்டு தொடரையும் எங்கே பார்த்தாலும் நான் அடிக்கோடு போட்டுவிடுவேன். அடுத்த ஷிஃப்டுக்கான குறிப்பை நானே எழுதும்போது இவற்றைப் பயன்படுத்துவதில்லை, ‘நத்திங் பை மௌத்’ (வாய்வழி எதுவும் கூடாது) என்று பெரிய எழுத்தில் எழுதி முடிக்கிறேன்.

நாம் அழுத்திச் சொல்ல வேண்டிய நேரமும் வரும். நம் பிள்ளைகள் பலரும் தயங்குவது இங்கேதான், குரலை உயர்த்தினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று. அதற்கு ஒரு மூன்று படி ஏணி சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலில் “ஐம் கன்ஸர்ன்ட்”, எனக்குக் கவலையாக இருக்கிறது. பதில் வராவிட்டால் “ஐம் அன்கம்ஃபர்டபிள்”, இதை இப்படியே விட எனக்கு ஒப்பவில்லை. அதற்கும் அசையாவிட்டால் “திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ”, இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை. மூன்றும் சாதாரணச் சொற்கள். ஆனால் மூன்றாவதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். சத்தமே போட வேண்டாம். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, சொல் மாறக்கூடாது.

பேச்சில் எந்தச் சொல் மேல் குரல் ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். “ஐ டேக் மை டேப்லட்ஸ்” என்றால் மாத்திரை சாப்பிடுகிறேன். “ஐ டூ டேக் மை டேப்லட்ஸ்” என்று ‘டூ’வில் அழுத்தினால் ‘சாப்பிடத்தான் செய்கிறேன்’. அந்த அழுத்தத்துக்குள் ஒரு மறுமொழி இருக்கிறது, சாப்பிடுவதில்லை என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகளிடமோ கணவரிடமோ பக்குவமாக விசாரித்தால் விஷயம் வரும். நம் ‘தான்’ செய்கிற வேலையை இங்கே குரல் செய்கிறது. அதனால் தொலைபேசியில் உறவினரிடம் பேசும்போது எழுதிக்கொண்டே கேட்காதீர்கள், குரல் தவறிவிடும்.

வட்டாரச் சொற்கள் தனி உலகம். யார்க்‌ஷயர் பக்கம் ‘ரைட்’ என்பது ‘ரொம்ப’, “ரைட் குட்” என்றால் ரொம்ப நல்லது. லிவர்பூல், மான்செஸ்டர் பக்கம் ‘டெட்’ அதே வேலையைச் செய்யும். “ஷீ வாஸ் டெட் நைஸ்” என்று ஒருவர் உங்களைப் பற்றிச் சொன்னால் சந்தோஷப்படலாம். ‘ப்ராப்பர்’, ‘வெல்’ இரண்டும் அப்படித்தான். ‘பிளடி’ என்ற வசைச் சொல் எல்லார் வாயிலும் வரும். 1914-இல் லண்டன் மேடையில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் அந்தச் சொல் வந்தபோது ஊரே பேசியது. இன்று வலியில் இருக்கும் நோயாளி சொன்னால் அது நம்மைத் திட்டுவதாகாது, வலியைத்தான் திட்டுகிறார். கேட்டுக்கொள்ளுங்கள், சீருடையில் இருக்கும்போது நீங்கள் சொல்லாதீர்கள்.

இந்த எல்லாவற்றிலும் நான் மிகவும் பயபக்தியோடு கையாளும் சொல் ‘பூர்லி’. அகராதியில் ‘உடம்பு சரியில்லை’ என்றுதான் இருக்கும். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் ‘பூர்லி’தான். ஆனால் மருத்துவமனையில் மருத்துவர் குடும்பத்தை ஓர் அறையில் உட்காரவைத்து, “ஹீஸ் வெரி பூர்லி” என்று சொன்னால், அவர் பிழைக்காமல் போகலாம் என்று பொருள். இந்த ஊர்க்காரர்கள் பலர் அதைப் புரிந்துகொண்டு அழத் தொடங்குவார்கள். வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பம் தலையசைத்துவிட்டு, “எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?” என்று கேட்கும். ஒரு தமிழ்க் குடும்பம் அப்படிக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தந்தை ஐசியூவில். மகன் ஆங்கிலத்தில்தான் வேலை பார்க்கிறவர், ஒவ்வொரு சொல்லும் தெரிந்தவர். மருத்துவரிடம் மெதுவாகச் சொன்னேன், “அவர்களுக்கு இது எட்டவில்லை, நேரடியாகச் சொல்ல வேண்டும்” என்று. அவர் நின்று, “அவர் இறந்துபோகலாம் என்று அஞ்சுகிறோம்” என்று தெளிவான ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னார். பிறகுதான் அந்த மகன் ஊரில் இருந்த அக்காவுக்கு போன் போட்டார். “அக்கா, உடனே டிக்கெட் எடு” என்றார்.

அதுமுதல் குடும்பத்தோடு பேசும் அறைக்கு நான் கட்டாயம் போகிறேன். தமிழ் தெரிந்தவள் என்பதற்காக நானே மொழிபெயர்த்துவிடுவதில்லை, இப்படிப்பட்ட செய்திக்கு முறையான மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனை ஏற்பாடு செய்ய வேண்டும், கேட்டால் செய்வார்கள். என் வேலை, பேச்சு முடிந்ததும் அவர்களிடம் “டாக்டர் என்ன சொன்னார்னு நீங்க எனக்குச் சொல்லுங்க” என்று கேட்பது. அவர்கள் வாயால் வரும்போது எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரிந்துவிடும். சேராததை மருத்துவரிடம் திருப்பிக் கொண்டுபோகிறேன்.

கடைசியாகக் குறிப்பு எழுதும் முறை. நோயாளி சொன்னதை உங்கள் ஆங்கிலத்துக்கு மாற்றாதீர்கள். “எ பிட் ஆஃப் எ டைட் செஸ்ட்”, நெஞ்சு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, என்றால் அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்: வியர்த்திருந்தார், வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, கையை நெஞ்சில் வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் எண்கள், நேரம், யாரைக் கூப்பிட்டீர்கள் என்பது. அடுத்த ஷிஃப்டில் வரும் நர்ஸ் இந்த ஊரிலேயே பிறந்தவராக இருந்தால் அந்த மேற்கோளை வாசித்ததும் அதன் எடையைத் தெரிந்துகொள்வார். கேரளத்தில் இருந்தோ மணிலாவில் இருந்தோ வந்தவராக இருந்தால் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.